நஞ்சறியும் தாள்

எல்லாம் வல்ல இறைவன் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளுள் தலையாயது அறிவு. அவ்வறிவை மயக்கித் திரையிடும் பொருள் எதுவாயினும், அதன் அளவு சிறிதாயினும் பெரிதாயினும், இஸ்லாம் அதனை விலக்கியே வைத்துள்ளது. இதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. இம்மலரைக் கையில் எடுக்கும் மாணவச் செல்வங்களுக்கும், பேராசிரியப் பெருமக்களுக்கும், ஜமாஅத்தின் மூத்தோர்களுக்கும் இதனை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுதல் நலம். ஏனெனில், போதைப் பொருளில் மறைந்துள்ள கொடிய நஞ்சினைக் கண்டறியும் எளிய கருவிகளைச் சட்டம் குற்றப் பொருளாகக் கருதலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். இதனைக் கண்டதும் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். அருள்கூர்ந்து இறுதிவரை படித்து, அதன்பின் தீர்ப்பு வழங்குமாறு வேண்டுகிறோம்.

எண்ணத்தைத் தூண்டிய செய்தி

எம்மிடம் தமிழ் பயின்று, பின்னர்க் கணினித் துறைக்கு மாறி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் குடியேறிய பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது துறைக்கு வந்து நம்மைக் கண்டார். நலம் உசாவி முடிந்ததும் பேச்சு அவர் வாழும் ஊரின் பள்ளிவாசலைப் பற்றித் திரும்பியது. 2021 ஆம் ஆண்டு தாம் தோள் கொடுத்த ஒரு ஜனாஸாவைப் பற்றி அவர் சொன்னார்.

இறந்தவன் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவன். தொழுகையைப் பேணும் குடும்பத்துப் பிள்ளை. தேர்வுக் காலத்தில் உறக்கம் வராமல் தவித்தவன், உடன் பயின்ற ஒருவன் கொடுத்த மாத்திரையை இரண்டாக உடைத்துப் பாதியை விழுங்கியிருக்கிறான். மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரையின் நிறம், வடிவம், முத்திரை யாவும் அதில் அப்படியே இருந்தன. உள்ளே இருந்த பொருள்தான் வேறு. ஃபஜ்ருத் தொழுகைக்கு எழுப்பச் சென்ற தாய் கண்டது மகனின் உடலை.

"பாதி மாத்திரைதான், ஐயா" என்று அம்மாணவர் இருமுறை சொன்னார். சிறிது நேரம் கழித்து, "ஒரு டாலர் விலைக்கு ஒரு தாள் இருக்கிறது. அந்த மாத்திரைக்குள் நஞ்சு இருப்பதை அது காட்டியிருக்கும். ஆனால், அன்று எங்கள் மாநிலச் சட்டப்படி அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பதே குற்றம்" என்றார்.

மாத்திரை கொடுத்தவன் குற்றவாளி. அதனைக் கள்ளத்தனமாகச் செய்து விற்றவன் பெருங்குற்றவாளி. இவை விளங்குகின்றன. நஞ்சு இருக்கிறது என்று எச்சரிக்கும் தாள் எவ்வாறு குற்றப் பொருளாயிற்று? இவ்வினாவே அன்று முதல் நம்மைத் தொடர்ந்து வருகிறது.

ஃபென்டனில் என்னும் நஞ்சு

அந்த இளைஞனைக் கொன்ற பொருளின் பெயர் ஃபென்டனில். 1960 ஆம் ஆண்டையொட்டி, பெல்ஜிய நாட்டு மருத்துவ அறிஞர் பால் ஜான்சன் இதனை முதன்முதலில் ஆய்வுக் கூடத்தில் உருவாக்கினார். அறுவை மருத்துவத்தில் வலி தணிக்கவும், புற்றுநோயின் கடும் வேதனையைக் குறைக்கவும் இது இன்றும் பயன்படுகிறது. மருத்துவரின் கையில் இது மருந்து. மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கும், ஹெராயினைவிட ஏறத்தாழ 50 மடங்கும் வலிமை வாய்ந்தது என்பர். பழக்கமில்லாத ஒருவரின் உயிரைப் பறிக்க 2 மில்லிகிராம் போதும். உப்புத் தூளில் சில துகள்கள் அளவே அது.

ஏறத்தாழ 2013 ஆம் ஆண்டு முதல், கள்ளச் சந்தையில் செய்யப்பட்ட ஃபென்டனில் அமெரிக்காவில் பெருகலாயிற்று. அபினிப் பயிர் வேண்டாம், மழை வேண்டாம், நிலம் வேண்டாம். சிறு பொட்டலம் ஒன்றே பல்லாயிரம் மாத்திரைகளுக்குப் போதுமாதலால் கடத்துவதும் எளிது. ஆகவே, விற்போர் அதனை ஹெராயினில் கலந்தனர். போலி மாத்திரைகளாக அச்சடித்தனர். இத்தகைய கலவையில் சீர்மை இருப்பதில்லை. ஒரே தொகுதியில் ஒரு மாத்திரையில் ஒன்றுமில்லாமலும், அடுத்ததில் உயிர் கொல்லும் அளவிலும் அது அமையும். முதல் மாத்திரையை உண்டு பிழைத்தவன் அடுத்ததையும் அதே நம்பிக்கையோடு எடுக்கிறான். தாம் ஆய்ந்த போலி மாத்திரைகளில் பத்தில் ஏழில் உயிர் கொல்லத்தக்க அளவு ஃபென்டனில் இருந்ததாக அமெரிக்கப் போதை மருந்து அமலாக்க அமைப்பு 2023 ஆம் ஆண்டு அறிவித்தது.

அவ்வாண்டில் மட்டும் அந்நாட்டில் மிகையளவுப் போதைப் பொருளால் இறந்தோர் ஏறத்தாழ 1,05,000 பேர். அவர்களுள் பத்தில் ஏழு பேர் அளவினரின் இறப்பில் ஃபென்டனில் போன்ற செயற்கை அபினி வகைகள் தொடர்புற்றிருந்தன. 2024 இல் இறப்பு எண்ணிக்கை ஏறத்தாழ 80,000 ஆகக் குறைந்தது. குறைந்தபின் உள்ள எண்ணிக்கையே இதுவென்றால், அத்துன்பத்தின் பரப்பை நாம் உய்த்துணரலாம்.

தாளின் இயல்பு

எமது கல்லூரி வேதியியல் துறை நண்பரிடம் இத்தாளைப் பற்றி உசாவினோம். கொரோனாக் காலத்தில் வீட்டிலேயே மூக்குச் சளியைச் சோதித்தறிந்த சிறு கருவியின் இனத்தைச் சேர்ந்ததே இதுவும் என்று அவர் விளக்கினார். ஃபென்டனிலைப் பற்றிக்கொள்ளும் இயல்புடைய எதிர்ப்புரதம் தாளில் ஏற்றப்பட்டிருக்கும். ஐயத்துக்குரிய பொருளைச் சிறிது நீரில் கரைத்துத் தாளின் முனையை நனைத்தால், சில நிமிடங்களில் கோடுகள் தோன்றும். இரண்டு கோடுகள் தோன்றின், ஃபென்டனில் காணப்படவில்லை என்பது பொருள். ஒரே கோடு தோன்றின், ஃபென்டனில் உள்ளது என்பது பொருள். கொரோனாச் சோதனைக்கு இது நேர் எதிரானது. நஞ்சு எதிர்ப்புரதத்தைக் கைப்பற்றிக்கொள்வதால், இரண்டாம் கோடு தோன்ற வழியில்லாமல் போகிறது.

இதன் எல்லைகளையும் நண்பர் மறைக்கவில்லை. நஞ்சு உண்டா இல்லையா என்பதை மட்டுமே தாள் கூறும். எவ்வளவு என்று கூறாது. மாத்திரையின் ஒரு மூலையில் நஞ்சு குவிந்திருக்க, மற்றொரு மூலையைச் சுரண்டிச் சோதித்தால் தாள் ஏமாந்துபோகும். நைட்டசீன் எனப்படும் வேறு வகைச் செயற்கை அபினிகளை ஃபென்டனில் தாள் அறியாது. விலங்கு மருத்துவத்தில் பயன்படும் சைலசீன் இப்போது கலக்கப்படுகிறது. அதற்கு வேறு தாள் வேண்டும். ஆகவே, இரண்டு கோடுகளைக் கண்டு 'இது தீங்கற்றது' என்று எவரும் முடிவு செய்யலாகாது. தாள் தரும் அறிவு அரை அறிவுதான். எனினும், முழு இருளில் நிற்பவனுக்கு அந்த அரை வெளிச்சம் உயிர் காக்கும் வெளிச்சமாகக்கூடும்.

சட்டம் இட்ட தடை

1970 களில் அமெரிக்க நகரங்களில் போதைப் பழக்கத்துக்கு உரிய குழாய்களையும் பிற சாதனங்களையும் வெளிப்படையாக விற்கும் கடைகள் பெருகின. பிள்ளைகளைக் குறித்துக் கவலையுற்ற பெற்றோர் குரல் எழுப்பினர். அதன் விளைவாக 1979 ஆம் ஆண்டு போதை மருந்து அமலாக்க அமைப்பு ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்தளித்தது. பல மாநிலங்கள் அதனைத் தழுவித் தத்தம் சட்டங்களை இயற்றிக்கொண்டன. தடை செய்யப்பட்ட சாதனங்களின் நீண்ட பட்டியலில், போதைப் பொருளை இனங்காணவும் அதன் வலிமையையும் தூய்மையையும் ஆராயவும் பயன்படும் கருவிகளும் இடம்பெற்றன.

சட்டம் வகுத்தோரின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. பொன்னை உரைத்துப் பார்ப்பதுபோலப் போதைச் சரக்கை உரைத்துப் பார்த்து வாங்கும் வணிகத்தைத் தடுக்கவே அவர்கள் எண்ணினர். இன்று காணும் ஃபென்டனில் பெருக்கம் அன்று இல்லை. நோய் மாறியது, மருந்துச் சீட்டு மாறவில்லை. வணிகனைத் தடுக்க எழுந்த வேலி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் உயிருக்கு அஞ்சியவனைத் தடுக்கும் வேலியாக நின்றது.

இதில் உள்ளத்தை உறுத்தும் முரண் ஒன்று உண்டு. இத்தாள் முதலில் சிறுநீரைச் சோதிப்பதற்காகவே செய்யப்பட்டது. உடலுக்குள் போதைப் பொருள் சென்றுவிட்டதா என்று மருத்துவமனையும் ஆய்வுக் கூடமும் அறிந்துகொள்ள அது சட்டபூர்வமான கருவி. உடலுக்குள் செல்லுமுன் அறிந்துகொள்ள ஒருவன் அதே தாளை நாடினால் அது குற்றப் பொருள். உண்டவனை அறியலாம், உண்ணுமுன் நஞ்சை அறியலாகாது! இம்முரணை எந்த நீதி நூலும் ஏற்குமென்று நமக்குத் தோன்றவில்லை.

காலப்போக்கில் அங்கும் தெளிவு பிறந்தது. 2021 ஏப்ரலில், இத்தாள்களை வாங்க ஒன்றிய அரசின் நிதியைப் பயன்படுத்தலாம் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமும் மனநலச் சேவை அமைப்பும் அறிவித்தன. நிதி உண்டு, ஆயின் மாநிலச் சட்டம் தடுக்கிறது என்ற விந்தை நிலை பல இடங்களில் நிலவியது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் நியூ மெக்சிகோ, விஸ்கான்சின், பென்சில்வேனியா, ஒஹாயோ முதலிய மாநிலங்கள் இத்தாளைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கின. சமயப்பற்றும் பழமைப்பற்றும் மிகுந்தவை எனப்படும் அலபாமா, டென்னஸி, ஜார்ஜியா, கென்டக்கி, மிசிசிப்பி ஆகியனவும் அவ்வாறே செய்தன. மதுவையும் போதையையும் பாவமெனக் கருதும் தேவாலய மக்கள் நிறைந்த மாநிலங்கள் அவை. பாவத்தை வெறுப்பதும் பாவியின் உயிரைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அம்மக்களும் உணர்ந்தனர் போலும். எனினும், எல்லா இடங்களிலும் இது எளிதாக நிகழவில்லை. டெக்சாஸில் 2023 ஆம் ஆண்டு பிரதிநிதிகள் அவை பெரும்பான்மையோடு நிறைவேற்றிய மசோதாவை மேலவை நிறைவேற்றாமல் விட்டது.

பிற நாடுகளின் அனுபவம்

போதைப் பொருளைச் சோதித்தறிவதை அரசே ஏற்று நடத்திய முன்னோடி நெதர்லாந்து. அங்கே 1992 முதல் இதற்கென ஒரு தேசியக் கண்காணிப்பு ஏற்பாடு இயங்கி வருகிறது. தம்மிடமுள்ள மாத்திரையை ஒருவர் பெயர் கூறாமலே கொண்டுவந்து கொடுக்கலாம். ஆய்ந்து அதன் உள்ளீட்டைக் கூறுவர். கொடிய பொருள் கண்டறியப்பட்டால் நாடு முழுவதும் எச்சரிக்கை விடுப்பர்.

இதன் பயனை ஒரு நிகழ்ச்சி உணர்த்தும். 2014 டிசம்பரில், கதை நாயகன் சூப்பர்மேனின் முத்திரை பொறித்த இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்று நெதர்லாந்துச் சோதனைக்கு வந்தது. விற்றவர் கூறிய பொருள் அதில் இல்லை, பி.எம்.எம்.ஏ. என்னும் கொடிய பொருள் மிகுந்த அளவில் இருந்தது. உடனே தொலைக்காட்சி வழியாகவும் பிற வழிகளாலும் எச்சரிக்கை பரப்பினர். நெதர்லாந்தில் அம்மாத்திரையால் எவரும் இறந்ததாகப் பதிவில்லை. கடலுக்கு அப்பால் பிரிட்டனில் நிலைமை வேறாக இருந்தது. கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் ஒட்டிய நாட்களில் அதே முத்திரை பொறித்த மாத்திரையோடு தொடர்புற்று நால்வர் உயிரிழந்தனர். மாத்திரை ஒன்றே, அறிந்த நாட்டார் பிழைத்தனர், அறியாத நாட்டார் மாண்டனர். பின்னாளில் பிரிட்டனும் இவ்வழிக்கு வந்தது. உள்துறையின் உரிமத்தோடு தொடர்ந்து இயங்கும் சோதனை நிலையம் 2024 சனவரியில் பிரிஸ்டல் நகரில் தொடங்கப்பட்டது.

நியூசிலாந்து இவ்வகையில் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. அங்கே இசை விழாக்களில் தொண்டர்கள் சிலர் பல ஆண்டுகளாகச் சட்டத்தின் நிழற்பகுதியில் நின்று சோதனை செய்து வந்தனர். போதைப் பொருளைத் தம் கையால் தொட்டால் அதுவே 'வைத்திருந்த குற்றம்' ஆகிவிடும் என்பதால், உரியவரையே கருவியில் வைக்கச் சொல்லி அவர்கள் பணி செய்தனர். இடம் கொடுத்த விழா அமைப்பாளர்களுக்கும் வழக்கு வருமோ என்ற அச்சம் இருந்தது. 2020 டிசம்பரில் ஒரு தற்காலிகச் சட்டமும், 2021 இல் ஒரு நிலையான சட்டமும் இயற்றி அந்நாடு இப்பணியை முழுமையாகச் சட்டபூர்வமாக்கியது. அக்கோடையில் எம்.டி.எம்.ஏ. எனக் கூறி விற்கப்பட்டவற்றுள் பலவற்றில் யூட்டிலோன் என்னும் வேறு பொருள் இருந்தது இச்சோதனைகளால் வெளிப்பட்டது.

கனடாவின் வான்கூவர் நகரில் உள்ள ஒரு மருத்துவக் கண்காணிப்பு மையத்தில் 2016 முதல் ஃபென்டனில் தாள் பயன்படுத்தப்பட்டது. அங்கே செய்த சோதனைகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் ஃபென்டனில் வெளிப்பட்டது. அதனை அறிந்தவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அளவைக் குறைக்க எண்ணினர். சிலர் வீசியெறியவே முன்வந்தனர். அளவைக் குறைக்க எண்ணியோர் மயங்கி வீழ்வதும் குறைவாகவே இருந்தது. பழக்கத்துக்கு அடிமைப்பட்டவனிடமும் உயிராசை முற்றிலும் அவிந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று. உண்மை தெரிந்தால் அவன் கை நடுங்குகிறது.

ஷரீஅத்தின் ஒளியில்

இனி, நம் வாசகர்களின் உள்ளத்தில் எழும் முதன்மையான வினாவுக்கு வருவோம். இச்செய்தியை நாம் வகுப்பில் கூறியபோது, முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, ஹராமான பொருளை உண்பதற்கு முன் சோதித்துப் பார்க்க வழி செய்வது, ஹராமுக்குத் துணை போவதாகாதா?" என்று கேட்டார். நேர்மையான வினா. இதனை ஒதுக்கிவிட்டு இக்கட்டுரையை எழுத நமக்கு உரிமை இல்லை.

மார்க்கச் சட்டத்தின் நோக்கங்களை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஐந்தாக வகுத்துக் காட்டியுள்ளார்கள். மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் ஆகிய ஐந்தையும் காத்தலே அந்நோக்கங்கள். போதை விலக்கப்பட்டது அறிவைக் காக்க. அறிவு குடியிருக்கும் வீடு உயிர். உயிர் போயின் காக்க வேண்டிய அறிவும் உடன் போயிற்று. தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பதும், இரண்டு தீங்குகள் எதிர்ப்படின் பெரியதைத் தவிர்க்கச் சிறியதைத் தாங்கிக்கொள்ளலாம் என்பதும் ஃபிக்ஹுக் கலையில் நன்கு அறியப்பட்ட விதிகள். இமாம் சுயூத்தீ (ரஹ்) அவர்கள் தம் நூலில் இவற்றை விரித்துரைத்துள்ளார்கள். உதுமானியப் பேரரசு 19 ஆம் நூற்றாண்டில் தொகுத்த மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பிலும் இவை இடம்பெற்றுள்ளன. ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவரைப் போன்றவர் என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் அல் மாயிதா அத்தியாயத்தில் காண்கிறோம். அங்கே உயிருக்கு உரியவன் நல்லவனா தீயவனா என்ற நிபந்தனை இடப்படவில்லை.

நபி பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்து நிகழ்ச்சி ஒன்று ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது. மது அருந்திய குற்றத்துக்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவர் மீண்டும் கொண்டுவரப்பட்டார். கூட்டத்தில் இருந்த ஒருவர் அவரைச் சபித்தார். பெருமானார் அவ்வாறு சபிப்பதைத் தடுத்தார்கள். அம்மனிதர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று எடுத்துரைத்தார்கள். தண்டனை விலக்கப்படவில்லை, குற்றம் குற்றமாகவே இருந்தது. ஆயினும், குற்றவாளி சமுதாயத்துக்கு வெளியே தள்ளப்படவில்லை. நம் ஜமாஅத்துகள் இந்நிகழ்ச்சியை மீண்டும் மீண்டும் சிந்திக்க வேண்டும்.

அடியானின் உயிர் தொண்டைக்குழியை அடையும் வரை தவ்பாவின் வாயில் திறந்தே இருக்கிறது என்பது நம் நம்பிக்கை. இறைவன் அத்துணை நீண்ட தவணை கொடுத்திருக்க, பாதி மாத்திரைக்கு அத்தவணையைப் பறித்துக்கொள்ளும் அதிகாரத்தை நாம் ஏன் வழங்க வேண்டும்? இறந்தவன் திருந்த முடியாது. இதுவே அம்மாணவருக்கு நாம் அளித்த விடை.

எழும் ஐயங்கள்

அரபுத் துறை மூத்த பேராசிரியர் ஹஜ்ரத் அவர்களிடம் இதனை எடுத்துரைத்தோம். அவர்கள் உடனே இசையவில்லை. தீமைக்கு இட்டுச் செல்லும் வழிகளையும் அடைத்துவிட வேண்டும் என்னும் மார்க்க விதியை நினைவூட்டினார்கள். தாள் கையில் இருக்கும் துணிவில் புதியவர்கள் இத்தீமையில் இறங்கமாட்டார்களா என்று வினவினார்கள்.

ஒரு வழி எங்கே இட்டுச் செல்கிறது என்பதை அதன் விளைவைக் கொண்டே அறிய வேண்டும். வான்கூவரில் தாள் மனிதர்களை அளவைக் குறைக்கவும் எறிந்துவிடவும் இட்டுச் சென்றது. அந்தப் பத்தொன்பது வயது இளைஞன் தாள் இல்லாமலேதான் மாத்திரையை உடைத்தான். அவனை இழுத்தது உறக்கமின்மையும் நண்பனின் சொல்லும். கோடுகளைப் பார்க்கும் ஆசையால் எவரும் அப்பழக்கத்துக்குள் நுழைந்ததாக நாம் கேட்டதில்லை. மேலும், தாள் ஒருபோதும் 'உண்ணலாம்' என்று உரைப்பதில்லை. 'இதில் நஞ்சு கண்டேன்' என்றும், 'இந்த ஒரு நஞ்சை நான் காணவில்லை' என்றும் மட்டுமே உரைக்கிறது.

இன்னொரு மறுப்பும் உண்டு; அது வலிமையானது. பல ஆண்டுப் பழக்கத்தால் ஃபென்டனிலையே தேடிச் செல்லும் நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு இத்தாள் புதிதாக எதைக் கூறும்? சிறிதளவே கூறும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு வேண்டுவது சிகிச்சை. மூச்சு நின்றால் மீட்டெடுக்கும் நலாக்சோன் மருந்து. விட்டு விலகாத உறவு. நலாக்சோன் மூக்குத் தெளிப்பை மருத்துவர் சீட்டின்றி விற்க 2023 மார்ச்சில் அமெரிக்கா இசைவளித்தது. 2024 இல் இறப்புகள் குறைந்தமைக்கு இவை போன்ற பல காரணங்களைக் கூறுவர். தாள் ஒன்றே காரணம் என்று நாம் வாதிடவில்லை. தாள் யாருக்கு மிகுதியும் உதவுமெனில், நஞ்சைத் தேடாமலே நஞ்சில் வீழ்பவர்களுக்கு, முதன்முறையாகத் தவறுபவனுக்கு, வேறு மாத்திரை என நம்பி உண்பவனுக்கு. ஜனாஸாவில் நாம் தோள் கொடுக்கும் இளைஞர்கள் பெரும்பாலும் இவர்களே.

ஹஜ்ரத் அவர்கள் நெடுநேரம் சிந்தித்துவிட்டு, "தாளைக் கொடுக்கும் கை, அதை விட்டுவிடு என்று சொல்லவும் வேண்டும். சொல்லாமல் கொடுப்பது பாதிக் கடமை" என்றார்கள். இதனை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். செம்மையாக நடக்கும் சோதனை நிலையங்களில் அவ்வாறே நடக்கிறது. முடிவைக் கூறும்போது தீங்கினை எடுத்துரைத்து, வேண்டுவோர்க்குச் சிகிச்சைக்கு வழி காட்டுகின்றனர். ஒளிந்து திரிந்தவன் முதன்முறையாக ஓர் அறிவுரையாளரின் எதிரே வந்து அமர்வது அங்கேதான். சட்டம் அந்நிலையத்தை மூடினால், அந்த அறிவுரையின் வாயிலும் மூடப்படுகிறது.

முஸ்லிம் நாடுகள் காட்டிய வழி

இத்தகைய சிந்தனை முஸ்லிம் உலகுக்குப் புதிதன்று. எய்ட்ஸ் நோய் ஊசி வழியாகப் பரவியபோது, ஈரான் நாட்டு நீதித்துறைத் தலைவர் ஆயத்துல்லாஹ் ஷாஹ்ரூதி 2005 ஆம் ஆண்டு ஓர் ஆணை விடுத்தார். தூய ஊசி வழங்குவோரையும், மெத்தடோன் என்னும் மாற்று மருந்து அளிப்போரையும் குற்றத்துக்குத் துணை போனவர்களாகக் கருத வேண்டாம் என்பது அதன் சாரம். மலேசியா 2005 இல் மெத்தடோன் சிகிச்சையையும் 2006 இல் ஊசி மாற்றுத் திட்டத்தையும் தொடங்கியது. கோலாலம்பூரின் அர்ரஹ்மான் பள்ளிவாசலில் 2010 முதல் மெத்தடோன் வழங்கும் பணி நடைபெற்றது. தொழுகைக்கு வருவோரும் சிகிச்சைக்கு வருவோரும் ஒரே வாயிலின் வழியே நுழைந்தனர். போதை ஹராம் என்பதில் இவ்விரு நாடுகளும் சிறிதும் தளரவில்லை. தளர்ந்தது, வீழ்ந்தவனைக் கண்டு முகம் திருப்பும் வழக்கம்.

நமக்குரிய பாடம்

உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் நஞ்சுண்டு மடியும் கொடுமை நம் மண்ணுக்கும் அந்நியமன்று. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயம் 60 க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. குடித்தவர்கள் சாராயம் என நம்பிக் குடித்தனர். அவர்களின் குழந்தைகள் என்ன குற்றம் செய்தனர்? 'குடிகாரர்கள்தாமே' என்று அன்று சிலர் சொல்லக் கேட்டோம். அச்சொல் ஒரு மரணத்தைவிடக் கொடியதாக நமக்குத் தோன்றியது.

நம் மாணவர்கள் இன்று மேற்படிப்புக்கும் வேலைக்கும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளுக்குச் செல்கின்றனர். அவர்களுக்கு நாம் கூற வேண்டியது தெளிவு. போதையின் பக்கம் செல்லாதீர். மருந்துக் கடையில் மருத்துவர் சீட்டுக்கு வாங்காத எந்த மாத்திரையையும், உயிர் நண்பனே கொடுத்தாலும், உட்கொள்ளாதீர். உடன் தங்கியிருப்பவர் மயங்கி விழுந்து மூச்சுத் தடுமாறினால், வழக்கு வருமென்று அஞ்சி ஓடாதீர். உடனே மருத்துவ உதவியை அழையுங்கள். நீங்கள் வாழும் நாட்டில் இத்தகைய தாள் பற்றிய சட்டம் யாதென அறிந்துகொள்ளுங்கள். ஒருவரை அது காக்குமெனில், அதனை எடுத்துரைக்க நாணாதீர்.

ஜமாஅத்தின் மூத்தோர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இத்தகைய மரணம் நிகழ்ந்த வீட்டில், பெற்றோர் 'நெஞ்சுவலி' என்று சொல்லி முகம் மறைக்க வேண்டிய நிலையை நாம் ஏற்படுத்தலாகாது. மறைத்த மரணம் அடுத்த பிள்ளைக்கு எச்சரிக்கையாகாமல் போகிறது. நெதர்லாந்தில் எச்சரிக்கை தொலைக்காட்சியில் ஒலித்ததால் பிள்ளைகள் பிழைத்தனர். நம் ஊர்களில் அது பள்ளிவாசல் மிம்பரிலிருந்தும் கல்லூரி மேடையிலிருந்தும் ஒலிக்கலாம்.

போதையின் மீது நமக்குள்ள வெறுப்பு சிறிதும் குறைய வேண்டியதில்லை. அவ்வெறுப்பு, நஞ்சை அறிவிக்கும் ஒரு தாளின் மீதும் அதனை நாடும் அஞ்சிய கையின் மீதும் பாய வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள். சட்டம் குற்றத்தைத் தண்டிக்கட்டும். அறியாமையை ஒரு தண்டனையாக விதிக்க வேண்டாம்.

நம் இளைஞர்களை எல்லா மயக்கங்களினின்றும் இறைவன் காத்தருள்வானாக! வீழ்ந்தவர்க்கு எழும் அவகாசத்தையும், எழுந்தவர்க்கு நிலைத்து நிற்கும் உறுதியையும், அவர்களைத் தாங்கும் கருணையை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.